சுட்டானுக்கும் சுட்டனுக்கும் இடையில்

வேலையை விட்டு வீட்டில் இருக்கிறவளை வேலையில் இருக்கிறவர்கள் சும்மா விடுவதில்லை. போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உரைபெயர்ப்பாளர்களுக்கு ஒரு மதியச் சாப்பாடு வைத்து, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவிலும் பிக்கரிங்கிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். ஆனால் கூச்சமில்லாமல் கதைக்கிறார்கள், அதுவே பெரிய காரியம். இப்போது பாதி வேலைக்கு மேல் ரெலிபோனிலேயே நடக்கிறதாம். பேசுகிறவரின் முகம் தெரியாது. கை நடுங்குகிறதா, கண் எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது. இதை வசதி என்று வேறு சொல்கிறார்கள்.

அவர்களில் தர்ஷி என்ற பெண் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அன்ரி, நாங்கள் ஏன் 'ஐ' எண்டு சொல்லவேணும்? 'ஹீ செட்' எண்டு சொன்னா என்ன? ஒருத்தன் தான் செய்த கூடாத வேலையைச் சொல்லேக்க நானும் 'நான்' எண்டு சொல்லவேண்டிக் கிடக்கு. ஐ டோன்ட் வோன்ட் ரு பீ ஹிம், அன்ரி."

நியாயமான கேள்வி. வாயில் புரியாணி இருந்தபடியால் நான் தலையை மட்டும் ஆட்டித் தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் தகப்பனார் குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துச் சுருட்டைச் சிங்கள ஊரில் விற்றுப் பிழைத்த பல குடும்பங்களில் நாங்களும் ஒன்று. தமிழ் எனக்கு வீட்டில் வந்தது, சிங்களம் ஒழுங்கையில் வந்தது, ஆங்கிலம் கன்னியாஸ்திரிகளின் பிரம்பால் வந்தது. ஒரு ஆடி மாதம் கடையை எரித்தார்கள். எரித்தவர்களில் இரண்டு பேர் அப்பாவிடம் கடனுக்குச் சுருட்டு வாங்கிக் குடித்தவர்கள். அதற்குப் பிறகு நாங்கள் சிங்களம் கதைப்பதை விட்டுவிட்டோம். தெரிந்த மொழியை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்து, ஒரு பிஸ்கற் பக்ரறியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மொழி தெரிந்தவள் பெட்டி ஒட்டுகிறாள் என்று யாரோ யாரிடமோ சொல்ல, அது மிஸிஸ் கோவாச்சின் காதுக்குப் போயிருக்கிறது.

மிஸிஸ் கோவாச் ஹங்கேரியில் இருந்து இளவயதில் ஓடி வந்தவர். உரைபெயர்ப்பாளர்களை அனுப்பும் அந்தச் சின்ன அலுவலகத்தை அவர்தான் நடத்தினார். ஒல்லியான மனுஷி. சாம்பல் நிறச் சட்டை, காதில் செருகிய பென்சில், மதியத்துக்கு ஒரு அவித்த முட்டை. அந்த முட்டையை அவர் உரிக்கிற நேரத்தில் யாரும் கதைக்கக்கூடாது. சத்தம் போட்டு ஏசமாட்டார். பிழை விட்டால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஏச்சு வாங்கியிருந்தால் நல்லது என்று நினைக்க வைக்கும் தட்டு அது.

முக்கியமான கூட்டமென்றால் தானே வந்து கதிரைகளைப் போடுவார். யாருக்காகப் பேசுகிறோமோ அவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னுக்கு எங்கள் கதிரை இருக்கவேண்டும். முன்னுக்கு இருந்தால் எல்லாரும் எங்களைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு தரப்பிலும் யாரிடமும் தனியாகக் கதைக்கக்கூடாது. அவர்கள் தரும் தேத்தண்ணீரை வாங்கிக் குடிக்கக்கூடாது. எந்த ஊர் என்று கேட்டால் சிரித்துவிட்டு இருக்கவேண்டும். அழுகை வந்தால் கையை உயர்த்திவிட்டு வெளியே போகவேண்டும், வேறு ஆள் வருவார். "நீ அழுதால் அவர்கள் உன்னைத் தேற்ற வேண்டி வரும். அவர்கள் அதற்கு வரவில்லை" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தொடங்கினால் பென்சில் தட்டும். அப்படியென்றால் என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டி வந்தால்? அப்போது நான் எனக்கே மூன்றாம் ஆள். "உரைபெயர்ப்பாளருக்கு ஒரு விளக்கம் தேவை" என்று, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லவேண்டும். விசர் விதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதன் அருமை ஒரு அகதி விசாரணையில் தெரிந்தது. மட்டக்களப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தன் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சத்தம் கேட்டு நான் கிறுகினன்" என்றாள். யாழ்ப்பாணத்தாருக்குத் தலைதான் கிறுகும். மயங்கிவிட்டாள் என்று என் மூளை விளங்கிக்கொண்டது. மயங்கியவள் பிடித்தவர்களின் முகத்தை எப்படிக் கண்டாள் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும், அவள் பொய்காரியாகியிருப்பாள். வாய்வரை வந்த சொல்லை நிறுத்திக்கொண்டு, "உரைபெயர்ப்பாளருக்கு ஒரு விளக்கம் தேவை" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் ஊரில் கிறுகுவது என்றால் திரும்புவது. திரும்பிப் பார்த்திருக்கிறாள், முகத்தைக் கண்டிருக்கிறாள். அவளுக்கு இங்கே இருக்க இடம் கிடைத்தது. என் "நான்" அவளுடைய "நான்" ஆக இருக்கவேண்டுமென்றால் நான் என் ஊரைக் கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும் என்று அன்றைக்கு விளங்கியது.

ஆனால் தர்ஷியின் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அந்தப் பெண்ணுக்காக "நான்" என்று சொல்வது எனக்குப் பாரமாக இருக்கவில்லை. பாரமான "நான்" பிறகு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பனிக்காலம். ஊரில் இரண்டு பக்கத்துப் பெரிய ஆட்களும் பேசத் தொடங்கியிருந்ததால் சில மாதங்களாகத் துவக்குகள் சத்தமில்லாமல் கிடந்தன. இங்கே பத்திரிகைகளைத் திறந்தால் அதிகாரப் பகிர்வு, அதிகாரப் பகிர்வு. எங்கள் சனம் கோப்பிக் கடையில் இருந்து அதிகாரத்தைப் பகிர்ந்து முடித்துவிட்டு, கோயில் தலைவர் பதவிக்கு ஆளை ஆள் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் மிஸிஸ் கோவாச் என்னைக் கூப்பிட்டு, இரண்டு நாள் கூட்டம் ஒன்று இருக்கிறது, வெளியில் வாய் திறக்கக்கூடாது என்றார்.

விஷயம் ஒரு குளம். எல்லைப்புற மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் இன்றைக்கும் யாருக்காவது வில்லங்கம் வரும். குளத்தின் ஒரு பக்கம் தமிழ்க் கிராமம், மற்றப் பக்கம் சிங்களக் குடியேற்றம். யுத்தத்தில் இரண்டு பக்கமும் ஆளை ஆள் அடித்து, தமிழ்க் கிராமம் எரிந்து சனம் அகதி முகாமில் கிடந்தது. குளத்தின் கட்டு உடைந்து, துருசும் போய்விட்டது. துருசு என்பது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற கதவு. அதைத் திறக்கிற திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவனே அந்த ஊர் அரசன்.

வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டையும் துருசையும் திருத்தித் தர வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு குழு வேண்டும். சரிபாதி ஆட்கள், தலைவர் பதவி ஒரு போகம் அவர்களுக்கு, ஒரு போகம் இவர்களுக்கு. துருசுக்கு இரண்டு பூட்டு. இரண்டு திறப்பும் சேர்ந்தால்தான் தண்ணீர். முகாமில் கிடந்த சனம், "சிவநேசன் ஓம் எண்டா நாங்களும் ஓம்" என்று சொல்லிவிட்டது. அந்தச் சிவநேசன் இருந்தது ஸ்காபரோவில்.

சிவநேசனுக்கு நாற்பது வயது இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளை, அவர் சொல்லுக்கு அங்கே மறுசொல் இல்லை. இளவயதில் ஒரு இயக்கத்தில் இருந்து, அது உடைந்தபோது வெளியேறி இங்கே வந்து லொறி ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய தாய் இன்னும் முகாமில். அவருடைய தம்பியை அந்தக் குளக்கட்டில் வைத்துச் சுட்டிருந்தார்கள். சித்திரையில் சிறுபோகம் விதைக்கவேண்டும். அதற்கு முன் ஓம் சொன்னால் தாயும் மற்றச் சனமும் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் முகாம்தான்.

மற்றத் தரப்பில் இருந்து வந்தவர் ரத்னபால. வயல் செய்யும் கமக்காரர். சிங்களக் குடியேற்றத்து ஊர்காவல் படைக்கு அவர்தான் பொறுப்பாக இருந்தவர். விமானம் ஏறியது அதுவே முதல் தடவை. யாரோ இரவல் கொடுத்த கறுப்புக் கோட்டை உள்ளே வந்த பிறகும் கழற்றவில்லை.

நகரத்தின் நடுவில் ஒரு பழைய தேவாலயத்தின் மேல்மாடி அறை. தொண்டு நிறுவனத்தின் சார்பில் பீற்றர் என்ற தாடிக்காரர் கூட்டத்தை நடத்தினார். மிஸிஸ் கோவாச் கதிரைகளைப் போட்டுவிட்டு மூலையில் போய் இருந்தார். எங்களுக்கு ஒரு முறை உண்டு: அவரவர் தன் தாய்மொழிக்குள்தான் கொண்டுவரவேண்டும். ஆகவே சிவநேசனின் தமிழைச் சிங்களத்தில் சொல்வது மிஸ்ரர் குணதாச என்ற ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். ரத்னபாலவின் சிங்களத்தைத் தமிழில் சொல்வது நான். எல்லாவற்றையும் பீற்றருக்கு ஆங்கிலத்திலும் சொல்லவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். என் கதிரை ரத்னபாலவுக்குப் பக்கத்தில், அரை அடி பின்னுக்கு. அப்பாவின் கடை எரிந்த பிறகு அவ்வளவு கிட்டத்தில் இருந்து நான் சிங்களம் கேட்டதில்லை. அவருடைய கோட்டில் பழைய அலுமாரி மணம் அடித்தது.

முதல் நாளே சறுக்கியது. ரத்னபால வணக்கம் சொல்லி, சிவநேசனைப் பார்த்து "மல்லி" என்று தொடங்கினார். சிங்களத்தில் வயது குறைந்தவனை அன்பாகக் கூப்பிடும் சொல். நான் அதைத் தமிழில் சொன்னேன்: "தம்பி…"

சிவநேசன் மேசையில் அடித்தார். "தம்பியோ? ஆர் இவருக்குத் தம்பி? என்ர தம்பியைத் திண்டுபோட்டு என்னைத் தம்பி எண்டு கூப்பிடுறாரோ? உது சரிவராது, நான் போறன்."

குணதாச அதை ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது அவருடைய கிழட்டுக் குரலும் உயர்ந்தது, அவரும் மேசையில் லேசாக அடித்தார். ரத்னபால கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். அதற்குப் பிறகு கடைசிவரை "மஹத்தயா" என்றுதான். நான் "ஐயா" என்று சொன்னேன்.

பின்னேரத்துக்குள் துருசு விஷயம் முடிந்துவிட்டது. மனிதர்கள் தண்ணீரைப் பற்றிக் கதைக்கும்போது புத்தியாகத்தான் கதைக்கிறார்கள். ஒருவன் வர மறுத்தால் தண்ணீரை யார் திறப்பது என்று ரத்னபால கேட்டார். அப்படியென்றால் அன்றைக்கு இரண்டு பக்கமும் காயட்டும் என்றார் சிவநேசன். ரத்னபால, அதுதான் சரி, காய்ந்தால்தான் அடுத்த நாள் வருவான் என்றார். பீற்றருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையெழுத்துக்குப் பேனையை எடுத்துவிட்டார்.

சிவநேசன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பூட்டுச் சரி. குழுவும் சரி. ஆனா என்ர தம்பியைச் சுட்டது ஆர் எண்டு இவர் சொல்லவேணும். இவற்ற ஆக்கள்தான், இவருக்குத் தெரியாமல் இருக்காது. அதைச் சொல்லாத ஆளோட என்ர சனம் ஒரே துருசடியில நிக்க ஏலாது."

அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது. படியிறங்கும்போது மிஸிஸ் கோவாச் என்னிடம், "நாளைக்கு உனக்குக் கஷ்டமாக இருக்கும். வேண்டுமென்றால் வேறு ஆள் பார்க்கிறேன்" என்றார். வேறு ஆள் இல்லை என்று இருவருக்கும் தெரியும். நான் வருகிறேன் என்றேன்.

இரண்டாம் நாள் காலை ரத்னபால சொல்லத் தொடங்கினார். அவர் மேசையைப் பார்த்தபடி ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"விடியப்புறம். நாங்கள் குளக்கட்டில நிண்டனாங்கள். அதுக்கு முதல் கிழமை எங்கட ஊரை அடிச்சவை. என்ர அப்பாவும் செத்தவர். எல்லாரும் பயத்தில இருந்தனாங்கள். ஒரு பொடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். நில் எண்டு கத்தினனாங்கள். அவன் சைக்கிளைப் போட்டிட்டு ஓடினான்."

பிறகு அவர் சொன்னது இரண்டு சொல்: "வெடி வெதுணா." சிங்களத்தில் அப்படிச் சொல்லலாம். யார் சுட்டது என்று அதில் இல்லை, வெடி தானாகப் போய்ப் பட்டதுபோல. எனக்கு அந்த மொழியும் அதன் மறைவிடங்களும் தெரியும். அவர் ஒளித்ததை நான் திறந்து காட்டக்கூடாது. அவர் சொன்னபடியே சொன்னேன்.

"வெடி பட்டுது."

"பட்டுதோ?" என்றார் சிவநேசன். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஆற்ற வெடி?"

குணதாச அதைச் சிங்களத்தில் கேட்டார். அறையில் சூடாக்கும் குழாய் மட்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ரத்னபால கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மம வெடி திப்பா."

அதில் மறைவிடம் இல்லை. இனி நான் சொல்லவேண்டும். என் வாயால், தமிழில், அந்த மனிதரின் முகத்துக்கு நேரே. குருநாகலில் எரிந்த கடை வாசலில் அப்பா செருப்பில்லாமல் நின்றது ஏனோ கண்ணுக்குள் வந்தது. "அவர் சொல்கிறார்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மிஸிஸ் கோவாச்சைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

"நான் சுட்டன்" என்றேன்.

சிவநேசன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். பார்த்தது ரத்னபாலவை அல்ல, என்னை.

"அக்கா! நீங்கள் சொல்லாதேங்கோ! எங்கட பொம்பிளை, எங்கட தமிழில… அந்தச் சொல்லை உங்கட வாயால கேக்க என்னால ஏலாது. அவர் சுட்டவராம் எண்டு சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன் அக்கா, 'நான்' எண்டு சொல்லாதேங்கோ."

குணதாச இதையும் சிங்களத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டு போக அவருடைய கண்கள் நிறைந்தன. நான் விதிப்படி, "உரைபெயர்ப்பாளர் வழிகாட்டல் கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பீற்றர் மிஸிஸ் கோவாச்சைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் ரத்னபால கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திச் சிவநேசனை நேரே பார்த்தார். என் வாயில் இருந்து கேட்ட சொல்லை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்தார்.

"நான்… சுட்டான்."

எங்கள் பேச்சுத் தமிழில் ஓர் அரவு, அதாவது ஒரு துணைக்கால், கூடினால் ஆள் மாறிவிடுவான். "சுட்டன்" என்றால் நான். "சுட்டான்" என்றால் அவன், வேறு எவனோ ஒருவன். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒரே வினைதான். ரத்னபாலவுக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. மனுஷன் முழு மனதோடு ஒப்புக்கொள்ள வந்து, பாதி வழியில் பழியை வேறொருவன் தலையில் போட்டுவிட்டார்.

சிவநேசன் நின்றபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். முகாமில் கிடக்கும் அந்தத் தாயை நான் கண்டதில்லை. இவர் போனால் அவளுக்கு முகாம்தான். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"சுட்டான் இல்லை. சுட்டான் எண்டா அது வேற ஆரோ. சுட்டன். சுட்டன் எண்டு சொல்லும்."

குணதாச வாயைத் திறந்து, மூடினார். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பீற்றர் என்ன நடக்கிறது என்று கேட்டார். "இலக்கணத் திருத்தம்" என்றேன். வேறு என்ன சொல்ல? மிஸிஸ் கோவாச்சின் பென்சில் அசையவில்லை.

மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. ரத்னபால சிவநேசனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பழகுகிற பிள்ளைபோல உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் சுட்டன்."

சிவநேசன் கதிரையில் இருந்தார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பீற்றர் தண்ணீர் ஊற்றப் போக, மிஸிஸ் கோவாச் கையால் வேண்டாம் என்று காட்டினார். அவர் செய்தது சரி. அந்த நேரம் யாரும் ஒன்றும் செய்யக்கூடாது.

சிவநேசன் தலையை நிமிர்த்தியபோது முகம் வேறாக இருந்தது. கோபம் இறங்கி, அதனிடத்தில் இன்னும் மோசமான ஒன்று வந்திருந்தது.

"அதுக்கு முதல் கிழமை உங்கட ஊருக்கு… எங்கட பொடியள் வந்தவை" என்றார்.

குணதாச சிங்களத்தில் தொடங்கிவிட்டார். சிவநேசன் கையை உயர்த்தி நிறுத்தினார். இரண்டு நாளும் அவர் "பொடியள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கவனிக்கவில்லை, இயக்கக்காரரை எங்கள் சனம் எல்லாரும் அப்படித்தானே சொல்வோம். இப்போது அந்தச் சொல் அவருடைய காதிலேயே பிழையாக விழுந்திருக்கிறது.

"வந்தவை இல்லை. வந்தனாங்கள். நானும் வந்தனான்."

குணதாச அதைச் சொல்ல எடுத்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. தகப்பனை இழந்த மனுஷனிடம், அவருடைய இனத்தவர் ஒருவரே, "நானும் வந்தேன்" என்று சிங்களத்தில் சொல்லவேண்டும். அந்தக் கிழவருக்கும் ஒரு பாரமான "நான்" கிடைத்தது. அவர் அதைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் சொன்னார்.

ரத்னபால கேட்டுவிட்டு இரண்டு வசனம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்:

"எனக்குத் தெரியும், ஐயா. தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான்."

இருவரும் கையெழுத்து வைத்தார்கள். கைகொடுக்கவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. பீற்றர் படம் எடுக்கலாமா என்று கேட்டார், இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி மறுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் மொழிபெயர்ப்பில்லாமல் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது.

நான் கழிவறைக்குப் போய்த் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தேன். அந்தச் சொல் போகவில்லை. திரும்பி வந்தபோது மிஸிஸ் கோவாச் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நன்றாகச் செய்தாய் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளும் இல்லை. தன் பையில் இருந்து அவித்த முட்டையை எடுத்து, தானே உரித்து, என் கையில் வைத்தார். "உப்பில்லை, மன்னித்துக்கொள்" என்றார். நின்றபடியே தின்றேன்.

பங்குனியில் சனம் முகாமில் இருந்து போனது. சித்திரையில் விதைத்தார்கள். அதே சித்திரையில் பெரிய ஆட்களின் பேச்சு முறிந்து, நாடு முழுக்க மறுபடி யுத்தம் பற்றிக்கொண்டது. அந்தக் குளத்தில் மட்டும் இரண்டு பக்கத்து ஆட்களும் திறப்போடு துருசடிக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பூட்டைத் திறந்து, தண்ணீர் விட்டார்களாம். அந்தப் போகம் வெட்டும்வரை. சிவநேசனின் தாய் தன் வயல் நெல்லில் புக்கை பொங்கியிருக்கிறார். பிறகு சண்டை அங்கேயும் வந்தது. இரண்டு ஊரும் ஓடியது. ஒரு போகத்துக்குத்தானா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் கேட்கலாம். முகாமில் இருந்து போய்த் தன் நெல்லைத் தின்றவர்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள்.

மிஸிஸ் கோவாச்சும் குணதாசவும் இப்போது இல்லை. நான் ஓய்வுபெற்ற அந்த வருடம், ஒரு ஞாயிறு காலை, யூனியன்வில்லில் மகள் வீட்டில் இருந்தபோது ரெலிபோன் வந்தது. யாரிடமோ கேட்டு இலக்கத்தை எடுத்திருக்கிறார்.

"அக்கா, சிவநேசன் கதைக்கிறன். துருசுச் சிவநேசன்."

குரலில் வயது ஏறியிருந்தது. ஊரில் இருந்து சாவுச் செய்தி வந்ததாகச் சொன்னார்.

"ரத்னபால மோசம் போயிட்டாராம் அக்கா. சிறுநீரக வருத்தமாம். அந்தப் பக்கத்தில உது கனபேருக்கு."

நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

"ஒரு விஷயம் சொல்லத்தான் எடுத்தனான். நேற்று முழுக்க அந்தாளின்ர குரலை நினைச்சுப் பாத்தன். வரேல்லை. என்ன நினைச்சாலும் உங்கட குரல்தான் வருது. குளக்கட்டில நிண்டனாங்கள், பொடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான், தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான், எல்லாம் நீங்கள்தான் கதைக்கிறியள். அந்த ஒரு சொல்லு மட்டும் அக்கா. அது மட்டும் அவற்ற குரலிலயே கேக்குது."

எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை. தர்ஷி, என் வாயில் இருந்து ரத்னபால தன் வாய்க்கு எடுத்துக்கொண்ட சொல் அது.

பென்சிலால் தட்ட அங்கே யாரும் இல்லை. நான் அழுதேன்.